சபைக்கு பத்துல ஒரு பங்கு கொடுக்கிற தசமபாகம் மொத்த சம்பளத்துலயா, கைக்கு வர்றதுலயா? கடனும் மருந்துச் செலவும் இருக்கும்போது எப்படி கொடுக்கிறது?

தாம்பரம்_சிஸ்டர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை சபைக்குள்ள யார்கிட்டயும் கேக்க முடியல, கேட்டா காணிக்கை கொடுக்க மனசில்லாம கேக்குறான்னு நெனப்பாங்க, அதான் இங்க எழுதுறேன். எங்க ஊரு திருநெல்வேலிப் பக்கம் நாசரேத், பரம்பரையா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கல்யாணத்துக்கு அப்புறம் தாம்பரத்துக்கு குடிவந்து, வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு சின்ன சுயாதீன சபைக்கு போயிட்டு இருக்கோம். பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் நல்லவங்க. என் ரெண்டாவது பிரசவத்துல சிக்கலாகி நான் ஐசியூல கிடந்தப்போ மூத்தவளை அவங்க வீட்லயே வச்சு பாத்துக்கிட்டாங்க. அதனால இதை அவங்க மேல சொல்ற குறையா மட்டும் எடுத்துக்காதீங்க.

விஷயம் என்னன்னா இந்த வருஷம் ஜனவரியில இருந்து மாசக் கடைசியில தசமபாகம் கொடுத்தவங்க பேர் லிஸ்ட்டை சபை வாட்ஸ்அப் குரூப்ல போடுறாங்க. தொகை போடல, பேரும் பக்கத்துல ஒரு டிக்கும் தான். எங்க பேர் வரல, ஏன்னா நாங்க கொடுக்கிறது முழு தசமபாகம் இல்லயாம், அதை காணிக்கைன்னு தனியா எழுதிக்கிறாங்க. போன மாசம் மல்கியா 3ஆம் அதிகாரத்துல இருந்து பிரசங்கம், தசமபாகம் கொடுக்காதவங்க தேவனை வஞ்சிக்கிறவங்கன்னு. பொதுவா சொன்னாரு தான், ஆனா லிஸ்ட்ல பேர் இல்லாதவங்க எல்லாம் குனிஞ்சுகிட்டே உக்காந்திருந்தோம்.

எங்க கணக்கை அப்படியே சொல்லிடுறேன். ரெண்டு பேர் மொத்த சம்பளம் 77,000, பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாம் போக கைக்கு வர்றது 68,500. வாடகை 14,000, லோன் இஎம்ஐ 17,500, மாமியாருக்கு சுகர், கிட்னி மருந்து 6,000, ஊர்ல எங்க அப்பா அம்மாவுக்கு 5,000, பிள்ளைங்க ஃபீஸும் வேனும் 6,000, வீட்டுச் செலவு எவ்வளவு இழுத்துப் பிடிச்சாலும் 15,000. மிச்சம் 5,000, அதுல 4,000 சபைக்கு கொடுக்கிறோம். பாஸ்டர் மொத்த சம்பளத்துல கணக்கு பாக்கணும்ங்கிறாரு, அப்படின்னா 7,700. அவர் கிரெடிட் கார்டுல போட்டாவது கொடுங்க, கர்த்தர் திருப்பித் தருவாருன்னு சொல்லல, ஆனா சபையில வேற சிலர் சொல்றாங்க.

அப்பா அம்மாவுக்கு அனுப்புறதை தசமபாகத்துல சேத்துக்கலாமா? ஊர் சபைக்கு சங்கம்னு அங்கத்தினர் காணிக்கை கட்டுறோமே அது சேருமா? இன்னொன்னு, சபைக்குன்னு தனி அக்கவுண்ட் இல்ல, பாஸ்டரோட சொந்த நம்பருக்கு தான் ஜிபே பண்றோம், ரசீது கிடையாது, வருஷக் கணக்கு வாசிக்கிறதும் கிடையாது. அதைக் கேக்குறது விசுவாசக் குறைவா? என் வீட்டுக்காரர் கேக்கணும்ங்கிறாரு, எனக்கு பயமா இருக்கு.

கோவை_விசுவாசி:

சிஸ்டர், நான் மொத்த சம்பளத்துல தான் கொடுக்கிறேன், முதல் சம்பளத்துல இருந்து அப்படித்தான். எங்கம்மா மில் வேலைக்கு போய் எங்களை வளத்தாங்க, சம்பளக் கவர் வந்ததும் கடைக்காரன் பாக்கி, வாடகை எதுக்கும் முன்னாடி பத்துல ஒண்ணை எடுத்து பைபிளுக்குள்ள வச்சிருவாங்க, ஞாயிறு வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது. எங்க வீட்ல பஞ்சம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா கையேந்தின நாள் இல்ல. நீதிமொழிகள் 3:9 முதற்பலன்னு தான் சொல்லுது, செலவெல்லாம் போக மிஞ்சினதுன்னு சொல்லல. பிஎஃப் பிடிச்சாலும் அது உங்க பணம் தானே, வேற யாருக்கும் போகலயே.

தசமபாகம் பழைய ஏற்பாடு, மோசே கொடுத்த நியாயப்பிரமாணம், நமக்கு இல்லன்னு நெறைய பேர் வந்து சொல்லுவாங்க பாருங்க. மோசேக்கு முன்னாடியே ஆபிரகாம் மெல்கிசேதேக்குங்கிற ஆசாரியருக்கு கொடுத்தாரு, ஆதியாகமம் 14. அப்புறம் எப்படி அது வெறும் நியாயப்பிரமாணம் ஆகும்?

கணக்கு கேக்குறதைப் பத்தி என் மனசுல பட்டதை சொல்றேன். 2 இராஜாக்கள் 12:15 பாருங்க, ஆலய வேலைக்கு பணம் வாங்கினவங்ககிட்ட கணக்கு கேக்கல, அவங்க உண்மையா நடந்தாங்கன்னு இருக்கு. நாம கொடுக்கிறது தேவனுக்கு, அதை தப்பா செலவு பண்ணா அவங்க தேவனுக்கு பதில் சொல்லட்டும். ஆனா லிஸ்ட் போடுறது சரியில்லை, அதுல உங்களோட நிக்கிறேன். வலதுகை செய்யிறதை இடதுகை அறியக்கூடாதுன்னு இயேசு சொல்லிட்டாரு, டிக் போடுறதுக்கு அதுல இடமே இல்ல. கிரெடிட் கார்டு விஷயமும் தப்பு, கடன் வாங்கி கொடுங்கன்னு வேதத்துல எங்கயும் இல்ல.

ஊழியக்காரர்_வீட்டுப்பிள்ளை:

அக்கா, நான் பாஸ்டர் வீட்டுப் பிள்ளை, அந்தப் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன், யாரும் இதைப் பேசுறது இல்ல. சி.எஸ்.ஐ மாதிரி பெரிய சபைகள்ல ஐயருக்கு, அதாவது போதகருக்கு, திருமண்டலத்துல (பல சபைகளைச் சேத்து நடத்துற நிர்வாகம்) இருந்து சம்பளம் வந்துரும், கூட பார்சனேஜ்னு குடியிருக்க வீடு இருக்கும், ஓய்வுக்கு அப்புறம் பென்ஷனும் இருக்கும். சின்ன சுயாதீன சபையில இது எதுவும் கிடையாது. தசமபாகம் தான் பாஸ்டர் சம்பளம், தசமபாகம் தான் ஹால் வாடகை, கரண்ட் பில், மைக் செட் ரிப்பேர் எல்லாம். மழைக்காலத்துல ரெண்டு ஞாயிறு ஆள் வரலன்னா எங்க வீட்ல அந்த மாசம் ஃபீஸ் கட்ட மாட்டோம். அம்மா பக்கத்து வீட்ல அரிசி கைமாத்து வாங்குறதை நான் பாத்திருக்கேன், ஆனா ஞாயிற்றுக்கிழமை அதே அம்மா வெளுத்த சேலையை கஞ்சி போட்டு கட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காருவாங்க, சபையில யாருக்கும் தெரியாது. அதனால உங்க பாஸ்டர் லிஸ்ட் போட்டது பேராசையில தான்னு நான் உடனே முடிவு பண்ண மாட்டேன், ஹால் வாடகை ஏறி, என்ன பண்றதுன்னு தெரியாமலும் இருக்கலாம். ஆனாலும் லிஸ்ட் தப்பு தான்.

மல்கியாவை தனியா படிச்சா பயமா தான் இருக்கும், நெகேமியா 13ஆம் அதிகாரத்தோட சேத்து படிங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே காலம். அங்க என்ன நடந்துச்சுன்னா ஆலய ஊழியம் பாத்த லேவியருக்கு பங்கு கொடுக்காம விட்டுட்டாங்க, அவங்க ஆலய வேலையை விட்டுட்டு அவனவன் வயலுக்கு ஓடிட்டாங்க. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தசமபாக தானியம் வைக்க வேண்டிய பெரிய அறையை எலியாசிப்ங்கிற ஆசாரியன் தன் சொந்தக்காரன் தொபியாவுக்கு ஒதுக்கி கொடுத்துட்டான். நெகேமியா வந்து தொபியாவோட தட்டுமுட்டு சாமானை எல்லாம் வெளிய தூக்கி எறிஞ்சு, அறையை சுத்தம் பண்ண சொல்லி, அப்புறம் தான் ஜனங்க தானியம், திராட்சரசம், எண்ணெய்ல தசமபாகம் கொண்டு வந்தாங்க. அதோட நிறுத்தல, உண்மையுள்ளவங்கன்னு பேர் எடுத்த ஆட்களை பண்டசாலைக்கு பொறுப்பா வச்சாரு. ஜனங்க கொடுக்காதது மட்டும் இல்ல, வாங்கி வச்ச இடத்துலயும் கோளாறு இருந்துச்சு. பிரசங்கத்துல முதல் பாதி மட்டும் தான் வருது.

எங்கப்பா வருமானக் கணக்கை ஒரு நீளமான பச்சை அட்டை நோட்டுல எழுதி ஆராதனை முடிஞ்சதும் காணிக்கை மேசையில திறந்தே வச்சிருவாரு. யார் எவ்வளவு கொடுத்தாங்கங்கிற பேர் அதுல இருக்காது, அந்த வாரம் மொத்தம் எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு, எங்க வீட்டுக்கு எவ்வளவுன்னு இருக்கும். எங்க வீட்டுக்கு எடுத்ததுலயும் பத்துல ஒண்ணு மிஷனரி ஊழியத்துக்கு அனுப்பிருவாரு, எண்ணாகமம் 18ல லேவியரும் தங்களுக்கு வந்ததுல பத்துல ஒரு பங்கு கொடுக்கணும்னு இருக்கு, கேட்டா அதைக் காட்டுவாரு. கணக்கு கேக்குறது அவமானம்னு அவர் ஒரு நாளும் நெனச்சது இல்ல, கேக்காம விட்டா தான் பேச்சு கிளம்பும்னு சொல்லுவாரு.

சேகர_பொருளாளர்:

சிஸ்டர், நான் நெல்லைப் பக்கம் ஒரு சேகரத்துல (ஒரு போதகர் பொறுப்புல இருக்கிற சபை வட்டாரம்) பொருளாளரா இருக்கேன், காணிக்கை எண்ணி எண்ணி விரல் கறுத்துப் போன ஆளு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல மொத்தமா, கைக்கு வர்றதான்னு கேட்டீங்க. வேதத்துல சம்பளத்துக்கு தசமபாகம்னு நேரடி கணக்கு கிடையாது, லேவியராகமம் 27லயும் உபாகமம் 14லயும் தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு இது தான். பிஎஃப் அப்போ இல்ல. அதனால ரெண்டு முறையும் நடைமுறையில இருக்கு, ஒண்ணு தான் சரி இன்னொண்ணு திருட்டுன்னு சொல்ல யாருக்கும் ஆதாரம் இல்ல. கைக்கு வர்றதுல கொடுக்கிறவங்க பிஎஃப் பணம் கைக்கு வரும்போது அதுல கொடுப்பாங்க, மொத்தத்துல கொடுத்தவங்களுக்கு அப்போ திரும்ப கொடுக்க வேண்டியது இல்ல, அவ்வளவு தான் வித்தியாசம். கோவை பிரதர் சொன்ன ஆபிரகாம் விஷயத்துல ஒரு சின்ன திருத்தம், அது யுத்தத்துல கிடைச்ச பொருள்ல கொடுத்தது, எபிரெயர் 7:4 அதைத் தெளிவா சொல்லுது. மாசாமாசம் கொடுத்ததா வேதத்துல இல்ல. ஆபிரகாம் மனசு வந்து கொடுத்தாரு, அதை எடுத்துக்கிடுவோம், அதை வச்சு மத்தவங்க சம்பளச் சீட்டை பிரிச்சுப் பாக்க வேண்டாம்.

புதிய ஏற்பாட்டுல பவுல் காணிக்கை சேத்தப்போ 1 கொரிந்தியர் 16:2ல என்ன சொன்னாரு, அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக சேத்து வைக்கட்டும்னாரு. விகிதம் சொல்லல. இது குறைச்சு கொடுக்க சாக்கு இல்ல, நிறைய சம்பாதிக்கிறவனுக்கு பத்து சதவீதம் ரொம்ப கம்மியா கூட இருக்கலாம். மாசம் ரெண்டு லட்சம் வாங்குறவன் 20,000 கொடுத்துட்டு நிம்மதியா தூங்குறான், 15,000 வாங்குற சித்தாள் 1,500 கொடுத்தா அன்னைக்கு பிள்ளைக்கு பால் இல்ல. இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உக்காந்து பாத்தப்போ யார் எவ்வளவு போட்டாங்கன்னு மட்டும் பாக்கல, போட்டதுக்கு அப்புறம் அவங்ககிட்ட என்ன மிச்சம் இருந்துச்சுன்னும் பாத்தாரு. 68,500ல மிஞ்சுற 5,000த்துல 4,000 கொடுக்கிற குடும்பத்தை வஞ்சிக்கிறவங்கன்னு சொன்னா எனக்கே வலிக்கு.

அப்பா அம்மாவுக்கு அனுப்புறது தசமபாகம் கிடையாது, ஆனா அது தசமபாகத்துக்கு முந்தின கடமை. மாற்கு 7ல கொர்பான், அதாவது தேவனுக்கு காணிக்கையா ஒதுக்கிட்டேன்னு சொல்லி தாய் தகப்பனை விட்டவங்களை இயேசு எவ்வளவு கடுமையா பேசியிருக்காருன்னு பாருங்க, 1 தீமோத்தேயு 5:8ம் வீட்டாரை விசாரியாதவனை அவிசுவாசியிலும் கெட்டவன்னு சொல்லுது. அந்த 5,000ல கை வைக்காதீங்க, மாமியார் மருந்துலயும் கை வைக்காதீங்க.

ஊர் சபைக்கு சங்கம் கட்டுறதைக் கேட்டீங்க. சங்கம்ங்கிறது அங்கத்தினர் காணிக்கை, அதைக் கட்டினா தான் சபை எலெக்‌ஷன்ல ஓட்டு, அதனால நம்ம ஊர்கள்ல வெளியூர்ல இருக்கிறவங்க கூட விடாம கட்டுவாங்க. அதையும் உங்க கொடுத்தல்ல தாராளமா சேத்துக்கிடலாம், அதுவும் சபை ஊழியத்துக்கு தான் போகுது.

இனி கணக்கு விஷயம், எனக்கு இது தான் முக்கியம். 2 இராஜாக்கள் 12ஐ பிரதர் எடுத்தாரு, நானும் அதே அதிகாரத்துக்கு தான் வரப் போறேன். யோவாஸ் ராஜா காலத்துல ஆசாரியர்கள் பணம் வாங்கிட்டே இருந்தாங்க, ராஜாவோட 23ஆம் வருஷம் வரைக்கும் ஆலயத்தைப் பழுது பாக்கவே இல்ல. அப்புறம் தான் ராஜா இனிமே நீங்க பணம் வாங்காதீங்கன்னு சொல்லிட்டாரு. யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டி எடுத்து மூடியில துவாரம் போட்டு பலிபீடத்துக்கு பக்கத்துல வச்சாரு. பெட்டி நிறைஞ்சதும் ராஜாவோட எழுத்தனும் பிரதான ஆசாரியனும் ரெண்டு பேரும் சேந்து எண்ணி, கட்டி, வேலை நடத்துறவங்க கையில கொடுத்தாங்க. இது 10, 11ஆம் வசனம். 15ஆம் வசனத்துல கணக்கு கேக்காம இருந்தது வேலைக்காரங்களுக்கு கூலி கொடுத்தவங்ககிட்ட. எண்ணுற இடத்துல ரெண்டு பேர் இருந்தாங்க, ஒரே ஆளா எண்ணல. பவுலும் 2 கொரிந்தியர் 8ல தர்மப்பணத்தைக் கொண்டு போகும்போது ஒருத்தரும் குற்றம் சொல்லாதபடிக்கு எச்சரிக்கையா இருந்தேன்னு சொல்லுதாரு, கூட சபைகள் தெரிஞ்செடுத்த ஆளை அனுப்புனாரு. பவுல் மேலயே சந்தேகம் வந்துரக்கூடாதுன்னு பவுலே பாத்துக்கிட்டாரு.

எங்க சபையில ஆராதனை முடிஞ்சதும் காணிக்கைப் பைகளை வெஸ்ட்ரியில, அதாவது ஆலயத்தை ஒட்டின அறையில, மேசை மேல ஒரு வெள்ளைத் துணி விரிச்சு கொட்டுவோம். ஒவ்வொரு நோட்டா நீவி அடுக்கணும், பாதி நோட்டு உருண்டையா சுருட்டி இருக்கும், வயசான அம்மாமார் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்ததை அப்படியே பையில போட்டுருவாங்க. பத்து ரூபா காயின் தனி, அஞ்சு தனி. ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ரெண்டு தொகையும் ஒத்து வந்தா ரிஜிஸ்டர்ல எழுதி மூணு பேர் கையெழுத்து, திங்கக்கிழமை பேங்க்ல கட்டி சலானை ஒட்டணும். சேகர கமிட்டிக்கு மாசாமாசம் கணக்கு வைக்கணும், ஆடிட்டும் உண்டு. இவ்வளவு இருந்தும் எங்க திருமண்டலங்கள்ல பணத் தகராறு, கோர்ட் கேஸ் எல்லாம் இருக்கத்தான் செய்யுது, பேப்பர்ல நீங்களே படிச்சிருப்பீங்க, மறைக்க ஒண்ணும் இல்ல. முறை இருக்கிற இடத்துலயே இப்படின்னா முறையே இல்லாத இடத்துல நல்ல பாஸ்டருக்கு தான் ஆபத்து. அவர் சொந்த அக்கவுண்டுக்கு சபைப் பணம் வந்தா நாளைக்கு வருமானவரி ஆபீஸ் கேட்டா அது அவர் வருமானமா, சபைப் பணமான்னு அவரால காட்ட முடியாது. அவருக்கு திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா சபைப் பணம் அவர் வாரிசுகளோட பணத்தோட கலந்துரும். உங்க வீட்டுக்காரரை இதைச் சொல்லி கேக்கச் சொல்லுங்க, உங்களைக் காப்பாத்த தான் கேக்கோம் பாஸ்டர்னு.

கடைசியா ஒரு பழைய விஷயம். எங்க ஊர்ல இன்னும் சில வீட்ல அடுப்புக்கு பக்கத்துல ஒரு சின்ன மண்கலயம் இருக்கும், உலை வைக்கும்போது அளந்த அரிசியில இருந்து ஒரு கைப்பிடி எடுத்து அதுல போட்டு ஜெபம் பண்ணிட்டு தான் மிச்ச அரிசியைக் களைவாங்க. அதைச் சபைக்கு கொண்டு வந்து கொடுப்பாங்க. அறுப்பின் பண்டிகைக்கு பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, சேவல்னு கொண்டாந்து குவிப்பாங்க, பொறவு ஏலம். ஒரு முட்டையை ஒருத்தர் 500க்கு எடுத்து திரும்ப சபைக்கே கொடுத்துருவாரு, அது மறுபடியும் ஏலத்துக்கு வரும், ஒரே முட்டை அஞ்சாறு கை மாறும். பாட்டிமார் கொண்டாந்த பனங்கிழங்கு கட்டுக்கும் அதே மரியாதை. இப்படி கைப்பிடி அரிசியும் காசுமா சேந்த ஜனங்க தான் 1903ல இங்க திருநெல்வேலியில இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சு, வெளிநாட்டுப் பணம் இல்லாம இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம்னு மிஷனரிகளை இப்போ தெலங்கானாவுல இருக்கிற தோர்ணக்கல்லுக்கு அனுப்புனாங்க. அதுல முன்ன நின்னவர் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா, பொறவு 1912ல தோர்ணக்கல்லுக்கே பிஷப் ஆனாரு, ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப். காணிக்கை கொடுக்கிறதைப் பத்தி தனியா ஒரு புத்தகமே எழுதினவர். அந்தக் கைப்பிடி அரிசியை யாரும் பத்து சதவீதமான்னு நிறுத்துப் பாக்கல. பசிக்கிற வீட்ல சின்ன கைப்பிடி, வசதியான வீட்ல பெரிய கைப்பிடி.

கடற்கரை_தம்பி:

நான் கத்தோலிக்கன், கன்னியாகுமரி கடற்கரை. எங்களுக்கு பத்துல ஒண்ணுன்னு கட்டாயம் கிடையாது, ஆனா கொடுக்கிறதுல நாங்க யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. எங்க ஊர்கள்ல கோயிலுக்கு மீன்பாட்டுல, அதாவது பிடிச்ச மீன்ல, ஒரு பங்கு போற வழக்கம் தலைமுறையா உண்டு. பாடு இருந்தா பங்கு, கடல்ல போயிட்டு வெறும் வலையோட வந்தவன்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க, புயல் நேரத்துல கட்டுமரம் கரையில கிடந்தா அந்த வாரம் ஒண்ணும் கிடையாது. வரவைப் பொறுத்து கொடுக்கிறதுன்னா எங்களுக்கு இது தான். சிஸ்டர் வீட்ல கடன், மருந்து எல்லாம் இருக்கு, அது பாடு இல்லாத நாள் மாதிரி தான்.

கணக்கு விஷயத்துல எங்க திருச்சபைச் சட்டத்துலயே ஒவ்வொரு பங்குக்கும் (ஊர் சபைக்கும்) நிதிக்குழு கண்டிப்பா இருக்கணும்னு இருக்கு, நிர்வாகத்துல சாமியாருக்கு உதவ. நடைமுறையில எல்லா ஊர்லயும் சரியா நடக்குதான்னு கேட்டா சண்டை வர்ற ஊரும் இருக்கு. ஆனா கேக்குற உரிமை இருக்கு, கேட்டவனை விசுவாசம் இல்லாதவன்னு யாரும் சொல்றது இல்ல.

உபாகமம் 14:28, 29ஐயும் பாருங்க. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தசமபாகத்தை ஊர் வாசல்லயே வச்சு லேவியன், பரதேசி, திக்கற்றவன், விதவை எல்லாரும் வந்து சாப்பிட்டு திருப்தியாகணும்னு இருக்கு. உங்க சபைத் தசமபாகத்துல இருந்து உங்க சபையில இருக்கிற விதவைக்கு ஏதாவது போகுதா? போகுதுன்னா அந்த பாஸ்டரை நம்பலாம். நான் முதல்ல பாக்குறது அதைத் தான்.

குவைத்_அண்ணாச்சி:

பொருளாளர் அண்ணாச்சி எல்லாம் சொல்லிட்டாரு, வெளிநாட்டுல இருக்கிறவங்க வாசிச்சா உதவும்னு ரெண்டு விஷயம். இந்தியப் பாஸ்போர்ட்ல இருக்கிறவங்க இங்க சம்பாதிச்ச சொந்தப் பணத்தை முறையா பேங்க் வழியா ஊர் சபைக்கு அனுப்பலாம், அது வெளிநாட்டு நிதிக் கணக்குல வராது. ஆனா வேற நாட்டுக் குடியுரிமை எடுத்துட்ட சொந்தக்காரங்க அனுப்பினா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சபை அதை வாங்கக்கூடாது, பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் அக்கவுண்ட்ல தான் வாங்கணும். அமெரிக்க சிட்டிசன் மச்சான் அன்பா ஜிபே பண்ணிட்டா சபைக்கு தான் சிக்கல்.

இன்னொன்னு, வருமானவரி விலக்கு கிடைக்கும்னு சொல்லி காணிக்கை கேட்டா நம்பிராதீங்க. ஒரு மதத்துக்குன்னே இருக்கிற டிரஸ்டுக்கு கொடுத்தா பொதுவா 80ஜின்னு சொல்ற நன்கொடை வரிக்கழிவு கிடைக்காது. ஆஸ்பத்திரி, அநாதை இல்லம்னு எல்லாருக்கும் பொதுவா நடத்துற, அதுக்கு அனுமதி வாங்கின டிரஸ்டுக்கு கொடுத்தா கிடைக்கும், அதுவும் 2,000க்கு மேல ரொக்கமா கொடுத்தா கிடைக்காது, புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு சுத்தமா கிடைக்காது.

கோவை_விசுவாசி:

பொருளாளர் ஐயா, 10ஆம் வசனம் சொன்னது சரி, அதிகாரத்தை முழுசா திரும்ப படிச்சேன். ரெண்டு பேரா எண்ணினாங்க, ஒத்துக்கிறேன். ஆனா தசமபாகம் கட்டாயம் இல்லன்னு சொல்றதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல, மத்தேயு 23:23ல இயேசு வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் கொடுத்ததை விட்டுரணும்னு சொல்லலயே, இதையும் செய்யணும் அதையும் விடாதிருக்கணும்னு தானே சொன்னாரு. சிஸ்டர், பத்துங்கிறதை ஒரு இலக்கா வச்சுக்கோங்க, லோன் முடியும்போது அந்த இஎம்ஐல இருந்து ஒரு பங்கை அதுக்கு ஏத்துங்க. இப்போ 4,000 கொடுக்கிறதை சந்தோஷமா கொடுங்க, தலை குனிஞ்சு கொடுக்காதீங்க.

சேகர_பொருளாளர்:

பிரதர், நீதி, இரக்கம், விசுவாசம் இந்த மூணையும் விட்டுட்டீங்கன்னு தான் அந்த வசனத்துல அவங்களைக் கடிஞ்சிருக்காரு, அதையும் சேத்து வாசிப்போம். இலக்கா வச்சுக்கச் சொன்னீங்க பாருங்க, அதுல எனக்கும் சம்மதம்.

தாம்பரம்_சிஸ்டர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நானும் அவரும் ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் வாசிச்சோம், நெகேமியா 13ஐ அவர் சத்தமா வாசிச்சாரு. 4,000ஐ அப்படியே வச்சுக்கிறதா முடிவு பண்ணியிருக்கோம், அதுல 3,500 இங்க சபைக்கு, 500 ஊர் சபைக்கு, எங்க ஊர்லயும் மிஷனரி ஊழியத்துக்கு தனி கவர் கொடுப்பாங்க, அதுல போட்டு அனுப்பச் சொல்லியிருக்கோம். லோன் முடிய இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கொஞ்சம் மேல இருக்கு, முடிஞ்சதும் ஏத்துறோம். வீட்டுப்பிள்ளை தம்பி சொன்னதைப் படிச்சுட்டு எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, எங்க பாஸ்டர் வீட்ல அந்த மாதிரி கஷ்டம் இருக்கான்னு நாங்க ஒரு நாளும் யோசிச்சது இல்ல. அவரைக் கேள்வி கேக்குற மாதிரி இல்லாம, ஹால் வாடகை எவ்வளவு, உங்க வீட்டுக்கு மாசம் எவ்வளவு தேவை, நாங்க எல்லாரும் சேந்து பாத்துக்கிறோம்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். இன்னொரு மூத்த விசுவாசியும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காரு. லிஸ்ட் விஷயத்தை நான் பாஸ்டரம்மாகிட்ட பேசுறேன், அவங்களுக்கு புரியும்.

பொருளாளர் அண்ணாச்சி, சபை பேர்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணணும்னா என்னென்ன வேணும்? பாஸ்டருக்கு தெரியலன்னா நாங்களே விசாரிச்சு கையில கொண்டு போகலாம்னு பாக்குறோம்.

சேகர_பொருளாளர்:

சபையை டிரஸ்டாவோ சொசைட்டியாவோ பதிவு பண்ணியிருக்கான்னு முதல்ல கேளுங்க தங்கச்சி, பதிவு இல்லன்னா அங்க இருந்து ஆரம்பிக்கணும். பதிவு இருந்தா அந்தப் பத்திரம், டிரஸ்ட் பேர்ல பான் கார்டு, அக்கவுண்ட் ஓபன் பண்ணவும் யார் யார் கையெழுத்து போடணும்னும் கமிட்டி எழுதின தீர்மானம், கையெழுத்து போடுறவங்க ஆதார், பான். ஒருத்தர் கையெழுத்துல பணம் எடுக்குற மாதிரி வைக்காதீங்க, குறைஞ்சது ரெண்டு பேர் சேந்து போடணும், அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்களா இருக்கக்கூடாது. பேங்க்லயே சபை பேர்ல கியூஆர் கோடு தருவாங்க, அதைப் பிரிண்ட் எடுத்து காணிக்கைப் பெட்டியில ஒட்டிட்டா பாஸ்டர் நம்பருக்கு அனுப்ப வேண்டிய தேவையே இருக்காது. பாஸ்டருக்கு மாசம் இவ்வளவுன்னு கமிட்டி முடிவு பண்ணி அந்த அக்கவுண்ட்ல இருந்து அவர் அக்கவுண்டுக்கு போடுங்க, கம்மியா மட்டும் வச்சிராதீங்க, அவருக்கும் பிள்ளைங்க இருக்கு. டிரஸ்ட் பத்திரம் எழுதுறதுல சந்தேகம் வந்தா இங்கயே கேளுங்க, எங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்.